எதை விடுவது என்று எழுதிய அறக்கட்டளை: ஒரு நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினம் கடற்கரையில் இயங்கும் ஒரு சிறிய கல்வி அறக்கட்டளை, 2022–23இல் தன் தொலைநோக்கு (எந்த நிலை வர வேண்டும்), பணிநோக்கு (அதற்கு நாம் என்ன செய்கிறோம்), விழுமியங்கள் (எதை விட்டுக்கொடுக்க மாட்டோம்) மூன்றையும் புதிதாக எழுதியது. தொண்டு அமைப்புகளுக்கு அறிக்கையும் விண்ணப்பமும் எழுதித் தருவது என் தொழில் என்பதால் உதவிக்குக் கூப்பிட்டார்கள். நடந்ததை வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன். அறக்கட்டளைக்கோ ஊர்களுக்கோ ஆட்களுக்கோ பெயர் தரவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் தொடங்கிய வேலை, எந்த வகுப்பை நிறுத்துவது, எந்தப் பணத்தை வேண்டாம் என்பது என்பதுவரை போனது. இதே வேலையில் இறங்கப்போகும் சிறு அமைப்புகளுக்கு இது உதவலாம்.

பின்னணி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மிக அதிகமாக அடிபட்டது நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு மாவட்டத்திலேயே இறந்தார்கள். அடுத்த மாதங்களில் எங்கெங்கிருந்தோ தொண்டு அமைப்புகள் வந்தன. வீடு கட்டினார்கள், படகு கொடுத்தார்கள், சில ஆண்டுகளில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். நான் சொல்லும் அறக்கட்டளையைத் தொடங்கியவர்கள் கிளம்பிப்போக வேறு இடம் இல்லாத உள்ளூர்க்காரர்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒரு செவிலியர், வங்கியில் வேலை பார்த்தவர், இன்னும் இரண்டு பேர். நிவாரண முகாமில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னதில் ஆரம்பித்து, மீனவ ஊர்களிலும் உள்ளே தள்ளியிருக்கும் சில விவசாயக் கூலிக் குடியிருப்புகளிலுமாகப் பத்துப் பன்னிரண்டு மாலைநேரப் படிப்பு மையங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் அதே ஊர்ப் பெண் ஒருவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அவர் அக்கா.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரத்தில் நோக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் கல்வி, மருத்துவம், கைம்பெண் நலம், முதியோர் இல்லம், மரம் நடுதல், விளையாட்டு, பேரிடர் நிவாரணம் என்று எல்லாமே இருந்தன. பத்திரம் எழுதுபவர் கையிலிருந்த பழைய மாதிரியைப் பார்த்து எழுதியது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பிற்பாடு கை கட்டிப்போகாமல் இருக்க அது நல்லதும்கூட. ஆனால் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்" என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இந்தப் பட்டியலை விட்டால் வேறு எழுத்து அவர்களிடம் இல்லை. பல வருடம் அதற்குத் தேவையும் வரவில்லை. பணம் தந்தவர்கள் தலைமையாசிரியரைத் தெரிந்தவர்கள்.

2021இல் இந்த நிலை மாறியது. அந்த ஏப்ரல் முதல், வருமான வரிச் சட்டத்தில் வரிவிலக்குக்கான 12ஏ பதிவு வைத்திருந்த அறக்கட்டளைகள் எல்லாம் 12ஏபி பிரிவில் திரும்பப் பதிந்துகொள்ள வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று வந்தது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர் பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புகள் சி.எஸ்.ஆர்-1 படிவம் கொடுத்துப் பதிய வேண்டும் என்பதும் அதே ஏப்ரல் முதல்தான். ஆடிட்டர் இரண்டையும் முடித்துக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு கம்பெனியின் விண்ணப்பப் படிவம் வந்தது. அதில்தான் அந்தக் கட்டம் இருந்தது: விஷன், மிஷன், வேல்யூஸ், நூறு சொல்லுக்குள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஊருக்குள்ளேயே வகுப்பு. நடத்திய தன்னார்வலருக்கு அப்போது மாதம் ஆயிரம் ரூபாய். அறக்கட்டளையின் மையங்கள் இருந்த ஊர்களிலும் அது வந்தது. மையப் பொறுப்பாளர்கள் சிலரே தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அரசாங்கமே மாலை வகுப்பு நடத்தும்போது நாம் எதற்கு என்று அறங்காவலர் கூட்டத்தில் முதலில் வாய்விட்டுக் கேட்டவர் அந்தச் செவிலியர்.

முதல் வரைவு

படிவத்துக்குக் கடைசி நாள் நெருங்கியதால், அறங்காவலர் ஒருவரின் கல்லூரி படிக்கும் மகள் நாலைந்து அமைப்புகளின் இணையதளங்களைப் பார்த்து ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார். "விளிம்புநிலைச் சமூகங்களை முழுமையான, நீடித்த, பங்கேற்பு வளர்ச்சியின் வழியே ஆற்றல்படுத்துதல்" என்று தொடங்கியது. கீழே நேர்மை, வெளிப்படைத்தன்மை, சமத்துவம், புதுமை, கூட்டுழைப்பு என்று விழுமியங்கள். படிவம் போனது. தமிழில் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து அலுவலகச் சுவரிலும் மாட்டினார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிவத்தை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினார்.

கம்பெனியிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தபோது மையப் பொறுப்பாளர் ஒருவரிடம், உங்கள் மிஷன் என்ன என்று கேட்டார். "அது ஆபீஸ்ல மாட்டியிருக்கு சார்" என்றார் அவர். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் முதலில் செய்தது ஒரு சின்னச் சோதனை. இதே மாதிரியான வேறு மூன்று அமைப்புகளின் வாசகங்களை எடுத்து, இவர்களுடையதையும் கலந்து, பெயர்களை மறைத்துவிட்டு, எது உங்களுடையது என்று அறங்காவலர்களிடம் கேட்டேன். தலைமையாசிரியர் யோசித்து ஒன்றைக் காட்டினார். அது வட இந்தியாவில் நீர் மேலாண்மை செய்யும் ஒரு அமைப்புடையது. சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஃபிளெக்ஸைத் திருத்தினால் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

பதிவேடுகளில் கண்டது

என்ன ஆக வேண்டும் என்று பேசத் தொடங்கும் முன், இதுவரை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. நன்கொடையாளருக்குப் போன ஆண்டறிக்கைகளில் நடந்த வகுப்புகளும் வந்த மாணவர்களும்தான் இருந்தார்கள். மையங்களில் கிடந்த நோட்டுகள் வேறு கதை சொல்லின.

ஒரு மீனவ ஊர் மையத்தில் பொறுப்பாளர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். வருகைப் பதிவுக்கு வாங்கியது. இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் நீலப் பேனாவில் நுணுக்கி எழுதியிருந்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயருக்கு எதிரே இப்படி: "திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை, வீட்டுக்குப் போனேன், அம்மா மீன் விற்கப் போயிருக்கிறார், தம்பிக்குக் காய்ச்சல், இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வியாழன் பள்ளியில் கேட்டேன், பத்து நாளாக வரவில்லையாம். சனி அம்மாவிடம் பேசினேன். திங்கள் நானே கூட்டிப்போய் விட்டேன்." அதன் கீழே வேறொரு பெயர், அதே மாதிரி. பக்கம் பக்கமாக இதுதான். இது வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அறிக்கையில் இதற்குக் கட்டமும் இல்லை.

மற்ற மையங்களிலும் கேட்டபோது, கொஞ்சம் கூடக் குறைய எல்லாரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பையன்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டு நிற்கிறார்கள். பெண்கள், அம்மா விடியற்காலையில் மீன் எடுக்கப் போகும் வீடுகளில், தம்பி தங்கைகளைப் பார்க்க நிற்கிறார்கள். எப்போது நிற்கிறார்கள் என்பதையும் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வீட்டில் வருமானம் நின்று கடன் ஏறும் காலம் அது. தடை முடிந்து படகுகள் இறங்குகிற அதே ஜூன் மாதம்தான் பள்ளியும் திறக்கிறது. கடலுக்குப் போய்வரும் முதல் சில பாடுகளில் கையில் பங்குக் காசு பார்த்துவிட்ட பையன் புதிய வகுப்புக்குத் திரும்புவதில்லை. பாடம் சொல்லிக் கொடுக்க ஊரில் வேறு ஆள் கிடைக்கலாம். ஜூன் மாதம் வீடு வீடாகப் போய் நிற்க அந்த அக்காக்களை விட்டால் ஆள் இல்லை.

என் கணிப்பில் இந்த வேலையின் பாதி இங்கேயே முடிந்துவிட்டது. பணிநோக்கு ஏற்கெனவே அந்த நோட்டில் எழுதப்பட்டிருந்தது. மீதிப் பாதி, அதை ஒத்துக்கொள்வது. அதற்குத்தான் மாதங்கள் ஆயின.

பத்திரத்தைத் தொடுவதா?

பணிநோக்கைச் சுருக்கினால் பத்திரத்தில் உள்ள நோக்கங்களையும் சுருக்க வேண்டுமா என்று வங்கியில் வேலை பார்த்தவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பத்திரத்தின் நோக்கங்கள் சட்டத்துக்கானவை; எந்த எல்லைக்குள் பணத்தைச் செலவிடலாம் என்று சொல்பவை. அவற்றை மாற்ற, பத்திரமே அதற்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும், திருத்தத்தைப் பதிய வேண்டும். வரிப் பதிவின் நிபந்தனைக்கு ஒத்துவராத மாற்றம் என்றால், 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். பணிநோக்கு அந்த எல்லைக்குள் அடங்கினால் போதும். கல்வி என்பது பத்திரத்தில் இருக்கிறது, அடங்குகிறது. நாளை இன்னொரு பேரிடர் வந்தால் நிவாரணம் செய்யப் பத்திரம் இடம் தரும். சில அமைப்புகள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவதுண்டு: பத்திரத்தில் இல்லாத ஒன்றை அழகாகப் பணிநோக்கில் எழுதிவிட்டு, ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்வார்கள்.

யார் உட்கார்வது

முதல் கூட்டம் அலுவலகத்தில், அறங்காவலர்களும் பொறுப்பாளர்களும் சேர்ந்து. தலைமையாசிரியர் முதலில் பேசினார். சமத்துவச் சமுதாயம் மலர வேண்டும் என்றார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக, சார் சொன்னதுதான் சரி என்றார்கள். அவரிடம் படித்தவர்கள் பாதிப் பேர், வேறென்ன சொல்வார்கள்? மதியம் சாப்பாடு போட்டு அனுப்பினோம்.

அடுத்ததாக இரண்டு மாற்றங்கள் செய்தோம். பொறுப்பாளர்கள் மட்டும் தனியாக ஒரு மையத்தில் கூடினார்கள். கேள்வியும் மாறியது. உங்கள் கனவு என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, "நாம் எதையாவது முடியாது என்று சொன்ன சம்பவங்களைச் சொல்லுங்கள், ஏன் சொன்னோம் என்றும் சொல்லுங்கள்" என்று கேட்டோம். அன்றைக்குப் பேச்சு நிற்கவில்லை. ஒரு தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர் ஒருவர் தலைவர் படம் போட்ட நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னது, வாங்காமல் திருப்பி அனுப்பியது. பிள்ளை அழுகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்ன நன்கொடையாளர். அப்புறம், ஊர் விலக்கத்தில் இருந்த வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எழுதுவது முழுக்கத் தமிழில் என்றும் அங்கேயே முடிவானது. படிவத்துக்கு வேண்டிய ஆங்கிலம் கடைசியில், இதைப் பார்த்து.

ஏலக் கூடத்தில் நடந்த பேச்சு

பெற்றோர் கூட்டத்தைத் தடைக்காலத்தில் வைத்தோம். அப்போதுதான் ஆண்களும் கரையில் இருப்பார்கள். மீன் ஏலக் கூடத்தில், சாயங்காலம். தலைமையாசிரியர் எழுதிவந்த தொலைநோக்கு வரைவைப் படித்தார்: "கடலோரப் பிள்ளைகள் கடலை நம்பி வாழ வேண்டிய நிலை மாற வேண்டும்."

பின்னால் வலை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். விசைப்படகு ஓட்டுபவர், மையத்தில் அவர் மகன் படித்துக்கொண்டிருந்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க அப்பன் பாட்டன் தொழிலு. நீங்க எழுதியிருக்கறதக் கேட்டா, கடலுக்குப் போறவன் எல்லாம் தோத்துப்போனவன்னு இருக்கே. எம் புள்ள இதப் படிச்சுட்டு என்னைய எப்படிப் பாப்பான்?"

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மீன் விற்கும் அம்மா ஒருவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "போறதும் போவாததும் அவன் இஷ்டம் சார். பத்தாவது முடிச்சுட்டு அவனே சொல்லட்டும். இப்ப எட்டாவதுல நிக்கறானே, அத அவனா முடிவு பண்றான்? ஊட்டுக் கஷ்டம்ல முடிவு பண்ணுது."

தலைமையாசிரியர் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. படித்தால்தான் இந்த ஆபத்தான தொழிலிலிருந்து பிள்ளைகள் தப்பலாம் என்பது வாழ்நாள் முழுக்க அவர் நம்பி வந்தது. அலையில் மாணவர்களை இழந்தவர் வேறு. அந்த நம்பிக்கையை யாரும் கேலி செய்துவிட முடியாது. இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்து புது வரியைச் சொன்னார். அதில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை "கடலா, கரையா" என்று தானே தேர்ந்தெடுக்கும் என்று இருந்தது.

கேட்க நன்றாக இருந்தது. செவிலியர்தான் தடுத்தார். நம் மையங்களில் சில விவசாயக் கூலிக் குடியிருப்புகளில் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் எங்கே வந்தது என்று கேட்டார். மீனவ ஊர்களை மனதில் வைத்தே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் பட்டது. அழகான வரி போய், "அப்பா அம்மா பார்க்கும் வேலையா, வேறு வேலையா" என்று ஆனது.

பணிநோக்கு: எந்த வகுப்பு, எந்த ஊர்

பணிநோக்கில் சண்டை வகுப்பைப் பற்றி. ஒன்று முதல் ஐந்து வரை அரசுத் திட்டம் பார்த்துக்கொள்கிறது, நோட்டுகளில் தெரிகிற நம் வேலை ஆறு முதல் பத்து வரை, அதை மட்டும் எழுதுவோம் என்றார்கள் பொறுப்பாளர்கள். அறங்காவலர்களில் இருவருக்கு இது பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பாடினால் பார்க்க வருபவர்கள் மனம் இளகும். பதினைந்து வயதுப் பையனை வைத்து யாரிடம் பணம் கேட்பது என்றார் ஒருவர். கசப்பான பேச்சு, ஆனால் உண்மையான கவலை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அங்கே எடுத்துச் சொன்னேன். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியவர்கள், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்று தங்கள் பணியை ஒரே வரியில் வைத்துக்கொண்டார்கள். கண்புரை அறுவையை மலிவாக, ஏராளமாகச் செய்வது ஏன் அங்கே நடுநாயகமானது என்று அந்த வரியிலிருந்தே புரிந்துகொள்ளலாம். குறுகலாக எழுதினால் வேலை முடிந்துபோய்விடாதா என்று இன்னொருவர் கேட்டார். முடிந்தால் நல்லதுதானே! அமெரிக்காவில் 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளைவாதத்தை எதிர்க்கத் தொடங்கிய அமைப்பு, 1955இல் சால்க் தடுப்பூசி வந்ததும் வேலை ஏறக்குறைய முடிந்து நின்றது. மார்ச் ஆஃப் டைம்ஸ் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு, 1958இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பி இன்றும் இயங்குகிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இப்போதைக்கு வராது என்று செவிலியர் சொன்னதும் பேச்சு இலகுவானது.

வாக்கெடுப்பு இல்லாமல் ஒரு நிபந்தனையோடு முடித்தார்கள். இல்லம் தேடிக் கல்வி நடக்கும் ஊர்களில் சின்ன வகுப்புகளுக்குப் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே வருகிற பிள்ளைகளை அந்தக் கல்வியாண்டு முடியும்வரை வைத்துக்கொள்வது. அரசுத் திட்டம் எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊரை மட்டும் திரும்பப் பேசுவது.

ஊர் பற்றிய வரியில் ஒரு வேடிக்கை. பழைய காகிதங்களில் எல்லாம் நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது இவர்களின் சில மையங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாவட்டப் பெயரையும் எழுதினார்கள்.

விழுமியங்கள்: ஒரே ஒரு வாக்கியம்

விழுமியங்களை ஒற்றைச் சொற்களாக எழுதுவதில்லை, நடந்த சம்பவத்திலிருந்து ஒரு வாக்கியமாக எழுதுவது என்று பொறுப்பாளர் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது. மூன்று வாக்கியங்கள் சிக்கலில்லாமல் வந்தன. மீதி ஒன்று, ஊர் விலக்கக் கதையிலிருந்து வந்தது.

மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்குக் கனம் அதிகம். சண்டை தீர்ப்பதும், வரி போடுவதும், பேரிடரில் நிவாரணம் பங்கிடுவதும் அவர்கள்தான். வெளியிலிருந்து வரும் எந்த அமைப்பும் முதலில் அவர்களைப் பார்த்துத்தான் ஊருக்குள் நுழைய முடியும். கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தை ஒதுக்கிவைப்பதும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஊரில் அப்படி ஒதுக்கிவைத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரை மையத்துக்குச் சேர்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பொறுப்பாளர், "புள்ளைங்க என்ன பண்ணுச்சு" என்று கேட்டுவிட்டு, சேர்த்துக்கொண்டே இருந்தார். மையம் நடந்த சமுதாயக் கூடம் பூட்டப்பட்டது. பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் நடத்தினார். அவரும் அதே ஊர்க்காரர், அந்த ஊரில்தான் வாழ்ந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவர் சொன்னபடியே எழுதினோம்: "யார் சொன்னாலும் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம்."

அறங்காவலர்கள் தயங்கினார்கள். செய்தது சரி, ஆனால் சுவரில் எழுதி மாட்டினால் பஞ்சாயத்தாருக்குச் சவால் விட்டதுபோல் ஆகும்; ஒரு ஊரில் வந்த பகை எல்லா ஊருக்கும் பரவும் என்றார்கள். மூன்று வழிகள் பேசப்பட்டன. சமத்துவம் என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வது முதல் வழி. யாரையும் கோபப்படுத்தாது, எந்த அக்காவுக்கும் துணையாக நிற்காது. அலுவலகக் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்வது இரண்டாவது. அப்படி வைத்தால் அடுத்த முறை ஒரு பொறுப்பாளர் தனியாக மாட்டிக்கொள்ளும்போது, இது என் பிடிவாதம் இல்லை, அறக்கட்டளையின் விதி என்று அவரால் காட்ட முடியாது. அப்படியே எழுதி மாட்டுவது மூன்றாவது.

எழுதுவது, மாட்டும் முன் ஒவ்வொரு ஊர்ப் பஞ்சாயத்தாரையும் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. சொல்லாமல் மாட்டுவது அவமதிப்பு, சொல்லிவிட்டு மாட்டுவது மரியாதை என்றார் தலைமையாசிரியர். முதல் கூட்டத்தில் சமத்துவச் சமுதாயம் என்று பேசியவர், இந்த ஊர்ப் பயணங்களுக்கெல்லாம் தானே போனார்.

இறுதி வடிவம்

தொலைநோக்கு: எங்கள் ஊர்களில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பத்தாம் வகுப்பை முடித்து, அப்பா அம்மா பார்க்கும் வேலையா வேறு வேலையா என்று தானே தேர்ந்தெடுக்கும் நிலை.

பணிநோக்கு: நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கடலோர ஊர்களில், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளியை விட்டு நின்ற, நிற்கும் நிலையில் உள்ள பிள்ளைகளை வீடு தேடிப் போய்த் திரும்பச் சேர்த்து, பத்தாம் வகுப்பு முடியும்வரை உடன் நிற்கிறோம்.

விழுமியங்கள்: யார் சொன்னாலும் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம். பிள்ளையின் கஷ்டத்தைப் படம் பிடித்துப் பணம் கேட்க மாட்டோம். கட்சி, சாதி, மதத்தின் பெயரில் வரும் எதையும் மையத்துக்குள் கொண்டுவர மாட்டோம். வாங்கிய பணத்துக்கு வருடம் ஒருமுறை ஊரிலேயே கணக்குச் சொல்வோம்.

பின்னர் நடந்தது

பஞ்சாயத்தார் பெரும்பாலும் முணுமுணுப்போடு விட்டுவிட்டார்கள். ஒரு ஊரில், அப்படியென்றால் எங்கள் கூடம் உங்களுக்கு இல்லை என்றார்கள். அங்கே வாடகைக்கு ஒரு வீடு பிடிக்க வேண்டியதாயிற்று. இன்றும் வாடகை போகிறது.

பணத்தில் சோதனை சீக்கிரமே வந்தது. படிவம் வாங்கிய அதே கம்பெனி, பெண்களுக்குத் தையல் பயிற்சி நடத்தினால் ஓராண்டுக்கு நல்ல தொகை தருவதாகச் சொன்னது. பத்திரம் இடம் தருகிறது, ஊரில் தேவையும் இருக்கிறது. பழைய வாசகம் இருந்திருந்தால் யோசிக்காமல் வாங்கியிருப்பார்கள்; ஆற்றல்படுத்துதலுக்குள் தையலும் அடங்கும். இப்போது சுவரில் வேறு வரி இருந்தது. தையல் வேண்டாம், வீடு தேடிப் போகும் பொறுப்பாளர்களின் ஊதியத்துக்குத் தாருங்கள் என்று எழுதினோம். சி.எஸ்.ஆர் விதிகளில் நிர்வாகச் செலவுக்கு இருக்கும் 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர் வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்கும் செலவுக்குத்தான்; திட்டத்தை நேரடியாக நடத்தும் களப்பணியாளர் ஊதியம் அதில் சேராது என்பதையும் விளக்கினோம். ஏற்கவில்லை. காட்டுவதற்குப் பொருள் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் நிலை.

அந்த வருடம் கஷ்டம். அருகருகே இருந்த இரண்டு மையங்களை ஒன்றாக்கினார்கள். தையல் பணத்தை விட்டது முட்டாள்தனம் என்று சொல்லி அறங்காவலர் ஒருவர் விலகினார். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மதிப்பூதியம் இரண்டு மாதம் தாமதமானது பொறுப்பாளர்களுக்குத்தான். அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. அவர்கள் பார்வையிட வந்தபோது காட்டியது அந்த நீள நோட்டுகளைத்தான்.

பொறுப்பாளர்களின் வேலை மாறியது. வீட்டுக்குப் போவது இப்போது அட்டவணையில் இருக்கிறது, பயணச் செலவு தரப்படுகிறது, அறிக்கையில் அதற்குக் கட்டம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் மாலை வகுப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு எல்லாரும் வீடுகளுக்குப் போகிறார்கள். பணம் திரட்ட உதவிய தன்னார்வலர் ஒருவர் அழும் பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டபோது, பொறுப்பாளர் ஒருவரே போன் செய்து எடுக்கச் சொன்னார். அலுவலகத்துக்குப் பிறகுதான் தெரியும்.

ஊரில் கணக்குச் சொல்வோம் என்ற நான்காவது விழுமியம் முதல் ஆண்டில் இரண்டே ஊர்களில்தான் நடந்தது. மற்ற இடங்களில் தேதி குறிப்பதும் தள்ளிப்போவதுமாகவே இருந்தது. சுவரில் இருந்து எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. எடுக்காமல், ஊர்த் திருவிழாவை ஒட்டி ஊர் கூடும் நாளிலேயே சொல்வது என்று மாற்றியிருக்கிறார்கள்.

மறுபடி செய்தால்

பொறுப்பாளர் கூட்டத்தை முதலில் வைக்க வேண்டும், அறங்காவலர் கூட்டம் அதற்குப் பின். நிறுவனர் முதலில் பேசிவிட்ட கூட்டத்தில் கிடைக்கும் வாசகம் அவருடையதாகவே இருக்கும்.

பெற்றோரைக் கேட்டோம், படித்து முடித்த பழைய மாணவர்களைக் கேட்டோம். மையத்துக்கு வந்தும் பள்ளியை விட்டு நின்றவர்களை யாரும் கேட்கவில்லை. பணிநோக்கு யாருக்காகவோ, அவர்கள்தான் அந்த அறையில் இல்லை. இப்போது படகிலும் இறால் கம்பெனியிலும் வேலை பார்க்கும் அப்படிப்பட்ட சிலரைக் கூப்பிட்டு உட்காரவைக்க அறக்கட்டளை திட்டமிட்டிருக்கிறது.

வாசகம் எழுதும்போதே எதை எண்ணுவது என்றும் எழுதிவிட வேண்டும். பணிநோக்கு பத்தாம் வகுப்பு முடிவதைச் சொல்கிறது. முதல் ஆண்டு அறிக்கையோ திரும்பச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியது. சேர்ந்துவிட்டு மூன்றே மாதத்தில் திரும்ப நின்றவர்களும் அதில் வெற்றியாகவே கணக்கானார்கள். இப்போது பிள்ளை வாரியாக, பத்தாம் வகுப்பு வரை ஒரே பட்டியல் வைக்கிறார்கள்.

"முடியும்வரை" என்பதன் எல்லை எது என்ற கேள்வி முதல் தேர்வு முடிவு வந்த அன்றே எழுந்தது. திரும்பச் சேர்த்த பையன் ஒருவன் கணக்கில் தேறவில்லை. துணைத் தேர்வு எழுத வைப்பது நம் வேலையா, அதோடு முடிந்ததா என்று பொறுப்பாளர் கேட்டார். நம் வேலைதான் என்று அறங்காவலர்கள் தீர்மானம் போட்டார்கள், வாசகத்தை மாற்றவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்கும் கூட நில்லுங்கள் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. 12ஏபி பதிவு புதுப்பிக்க வரும் சமயத்தில் மூன்று வாசகங்களையும் சேர்த்து மறுபரிசீலனை செய்வது என்று முடிவாகியிருக்கிறது; அந்தக் கூட்டத்தின் முதல் பொருள் இதுதான்.